அளவுகோலை அளந்த ஆசிரியர்

மாணவருக்குப் புள்ளியிடுவது ஆசிரியத் தொழில் பூண்ட நமக்கு அன்றாடக் கருமம். விடைத்தாளின் தலையிலே சிவப்பு மையினால் ஓர் எண்ணை எழுதிவிட்டு அடுத்த தாளைக் கையிலெடுக்கிறோம். அந்த எண் வீடு சேர்கிறது. அதைக் கண்டு தாய் மகிழ்கிறாள். அல்லது தந்தை முகஞ் சுளிக்கிறார். சில ஆண்டுகள் செல்ல, பிள்ளையும் அந்த எண்ணே தான் என்று நம்பத் தலைப்படுகிறது. "இவன் மந்தன்" என்று ஒருமுறை எழுதப்பட்ட தீர்ப்பைத் துடைக்கவல்ல அழிறப்பர் எந்தக் கடையிலும் விற்கப்படுவதில்லை.

ஆனால் அந்த எண் அளந்தது எதனை? பிள்ளையின் அறிவையா, அன்றி வினாத்தாளின் மொழியை அப்பிள்ளை அறிந்திருந்த அளவையா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நாம் நகையாடுவதுண்டு. கூடம் மெய்யாகவே கோணலாக இருந்துவிட்டால் யாது செய்வது?

இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் விடாது கேட்டவர் ஒருவர் ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்தார். ஜோர்ஜ் இசிடோர் சாஞ்சேஸ் என்பது அவர் பெயர். கிராமப் பாடசாலை ஒன்றிலே வாத்தியாராகத் தொடங்கிப் பல்கலைக்கழகப் பேராசிரியராக உயர்ந்தவர். ஸ்பானிய மொழி பேசும் பிள்ளைகளை அந்நாட்டுப் பாடசாலைகள் நடத்திய முறையை ஆராய்ந்து, தாம் கண்டதை நூலிலும் நீதிமன்றத்திலும் நிலைநாட்ட முயன்றவர். நம் நாட்டில் அவர் பெயர் பெரிதும் அறியப்படவில்லை. கல்வியிலே கருத்துடைய பெற்றோரும் மாணவரும் அறியவேண்டிய வரலாறாதலின், அதனை இங்கே சுருக்கமாக எடுத்துரைக்கிறோம்.

எல்லை கடந்த மக்களா, எல்லை கடந்த மண்ணா?

அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசுவோர் யாவரும் பிழைப்புத் தேடி வந்தேறியவர் என்று கருதுவோர் பலர். அது முழு உண்மையன்று. இன்றைய கலிபோர்னியா, அரிசோனா, நியூ மெக்சிக்கோ முதலிய பெரும் பரப்புகள் முன்னர் மெக்சிக்கோ நாட்டுக்கு உரியனவாயிருந்தன. 1846-இல் மூண்ட போரிலே மெக்சிக்கோ தோற்றது. 1848-ஆம் ஆண்டின் குவாடலூப்பே ஹிடால்கோ உடன்படிக்கையினால் அந்நிலம் அமெரிக்காவின் கைக்கு மாறிற்று. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடிகள் ஓரடியும் நகரவில்லை. எல்லைக்கோடுதான் அவர்களைத் தாண்டி நகர்ந்தது. 1910-இல் தொடங்கிய மெக்சிக்கோப் புரட்சியின் பின்னர் இலட்சக்கணக்கானோர் வடக்கே சென்று வயல்களிலும் சுரங்கங்களிலும் இருப்புப் பாதைகளிலும் கூலிகளாயினர். பழங்குடியினரும் புதுவரவினரும் அமெரிக்கர் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றினர். "மெக்சிக்கர்" என்ற ஒரே பெயர் இருசாராருக்கும் ஒட்டிக்கொண்டது.

சாஞ்சேஸ் பழங்குடி மரபினர். நியூ மெக்சிக்கோவின் அல்புகேர்க்கி நகரில் 1906-ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 4-ஆந் திகதி பிறந்தார். அப்பொழுது அது ஓர் ஆட்சிப்புலமாகவே இருந்தது, 1912-இலேதான் மாநிலமாயிற்று. இளமையின் ஒரு பகுதி அரிசோனாவிலுள்ள ஜெறோம் என்னும் செப்புச் சுரங்க நகரிலே கழிந்தது. தந்தையார் சுரங்கத் தொழிலாளர். பின்னர் குடும்பம் அல்புகேர்க்கிக்கு மீண்டது. 1923-இல் உயர்தரப் பாடசாலைக் கல்வி முடிந்தது. மேலே படிக்கப் பணமில்லை. வேலைக்குப் போகவேண்டிய நிலை.

பதினாறு வயது வாத்தியார்

அதே ஆண்டு, பதினாறு வயதிலே, யிறிசாறி என்னும் சிறிய மேய்ச்சல் நிலக் கிராமத்துப் பாடசாலைக்கு ஆசிரியராக அவர் சென்றார். அங்குள்ள பிள்ளைகள் வீட்டிலே பேசியது ஸ்பானிய மொழி. பாடசாலையிலே அவர்கள் படிக்கவேண்டியிருந்தது ஆங்கிலம். இருமொழிக்கும் இடையிலே பாலமாக நின்றவர், மீசை அரும்பும் பருவத்து இவ்விளைஞர். அடுத்த ஏழு ஆண்டுகள் அப்பிரதேசத்துக் கிராமப் பாடசாலைகளிலே ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் கடமையாற்றினார். விடுமுறைகளிலும் வார இறுதிகளிலும் நியூ மெக்சிக்கோப் பல்கலைக்கழகத்திலே படித்து 1930-இல் பட்டதாரியானார். றொக்பெல்லர் செல்வத்தால் நிறுவப்பெற்ற பொதுக் கல்விச் சபையின் உதவியுடன் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்திலே 1931-இல் முதுமாணிப் பட்டமும், கலிபோர்னியாவின் பேர்க்லியிலே 1934-இல் கல்விக் கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

பட்டங்களை இங்கே வரிசைப்படுத்தியது பெருமைக்காக அன்று. மலைநாட்டுக் கிராமத்துப் பிள்ளைகளின் முகங்கள் அவர் ஆராய்ச்சியை விட்டு என்றும் அகலவில்லை என்பதை வாசகர் மனங்கொள்ளல் வேண்டும். ஏட்டிலே "மந்தம்" என்று பதியப்பட்ட பிள்ளை, வயலிலும் மந்தையிலும் வீட்டிலும் கூர்மையாக நடந்துகொள்வதை நேரிலே கண்டவர் அவர். ஆகவே ஏட்டின்மீது அவருக்கு ஐயம் பிறந்தது.

கோணிய கோல்

நுண்மதிச் சோதனை என்பது பிரான்சு தேசத்து அல்பிரட் பினே என்பவரால் 1905-இல் வகுக்கப்பட்டது. பாடசாலையிலே சிறப்பு உதவி வேண்டும் பிள்ளைகளைக் கண்டறிவதே அவர் நோக்கம். அமெரிக்காவுக்கு அது சென்றபோது நோக்கம் திரிந்தது. ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்து லூயிஸ் ரேர்மன் 1916-இல் அதனைத் திருத்தி வெளியிட்டு, தென்மேற்கு மாநிலங்களிலுள்ள மெக்சிக்கப் பிள்ளைகளிடையே மந்தம் மிகுதியென்றும், அது இனவழி வந்ததாகவே தோன்றுகிறதென்றும், அவர்களைத் தனி வகுப்புகளில் இருத்துவதே தகுமென்றும் எழுதினார். ஆராய்ச்சியாளரின் சொல்லுக்கு எவ்வளவு வலிமையென்று பாருங்கள். ஊரிலே உள்ள வழக்கத்துக்கு விஞ்ஞானத்தின் முத்திரை கிடைத்துவிட்டது.

முதுமாணிப் பட்டத்துக்காகச் சாஞ்சேஸ் எடுத்துக்கொண்ட பொருள் இதுவே. ஸ்பானிய மொழிப் பிள்ளைகளுக்கு ஒரே சோதனையைக் காலத்துக்குக் காலம் மீண்டும் மீண்டும் நடத்திப் பார்த்தார். ஆங்கிலப் பயிற்சியும் பாடசாலை அநுபவமும் ஏற ஏற அவர்கள் புள்ளியும் ஏறிற்று. பிறவியிலே அமைந்து மாறாதிருப்பது நுண்மதி என்றால், அது எவ்வாறு ஏறும்? ஏறியது நுண்மதியன்று, வினாவை விளங்கிக்கொள்ளும் ஆற்றலே. எனவே முதலிலே அளக்கப்பட்டதும் நுண்மதியன்று என்பது பெறப்படும்.

1932-இலும் 1934-இலும் அவர் வெளியிட்ட கட்டுரைகள் இவ்வாதத்தை மேலும் விரித்தன. வினாக்களை ஸ்பானியத்திலே மொழிபெயர்த்துவிட்டாற் போதாதா என்று கேட்டோருக்கும் அவரிடம் விடை இருந்தது. ஒரு மொழியில் எளிதான சொல் மற்றொன்றில் அரிதாகலாம்; மொழி மாறினால் வினாவின் பாரமும் மாறும். இதற்கும் மேலாக, ஒரு சோதனை தன்னை எழுதும் பிள்ளைகள் யாவரும் ஏறத்தாழ ஒரேவகையான அநுபவம் உடையவரென்று வாய்பேசாமல் எடுத்துக்கொள்கிறது. நெடுந்தீவுப் பிள்ளையிடம் புகைவண்டி நிலையத்தைப் பற்றியும் நுவரெலியாப் பிள்ளையிடம் கரைவலையைப் பற்றியும் வினாவிவிட்டு, இருவரையும் மந்தர் என்று எழுதினால் நாம் ஒப்புவோமா? பிள்ளைக்குக் கற்பியாததைப் பிள்ளையிடம் வினாவுதல் பாடசாலையின் குறை. அக்குறையைப் பிள்ளையின் தலையிலே ஏற்றுதல் அறமன்று. இதுவே அவர் கூற்றின் சாரம்.

சோதனைகளை அறவே ஒழிக்கவேண்டுமென்று அவர் கூறவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. எண்ணும் புள்ளிவிபரமும் அவருடைய கருவிகளாகவே இருந்தன. நோயாளியின் உடற்சூட்டை அளப்பது மருந்து கொடுப்பதற்காகவேயன்றி, அவனைக் கைவிடுவதற்காக அன்று. சோதனையும் அவ்வாறே பயன்படவேண்டும் என்பதே அவர் நிலை.

பதவியும் பகையும்

1931 முதல் 1935 வரை நியூ மெக்சிக்கோக் கல்விப் பகுதியிலே தகவல், புள்ளிவிபரப் பிரிவுக்கு அவர் பணிப்பாளராயிருந்தார். செல்வம் மிக்க பகுதிகளின் பாடசாலைகளுக்கும் வறிய பகுதிகளின் பாடசாலைகளுக்கும் இடையே இருந்த பண வேற்றுமையை எண்களால் எடுத்துக்காட்டி, அரசினர் நிதியைச் சமமாகப் பங்கிடுமாறு வாதாடினார். அரசியல்வாதிகளுக்கு அது இனிக்கவில்லை. 1933-இல் இன மனப்பான்மை பற்றிப் பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் நடத்திய ஆராய்ச்சிக்கு அவர் துணைபோனார். வினாப்பத்திரத்திலே ஸ்பானிய வழியினரை இழிவுபடுத்தும் கூற்றுகளும், அவற்றை ஒப்புகிறீர்களா மறுக்கிறீர்களா என்று அறியும் பொருட்டு, இடம்பெற்றிருந்தன. செய்தி வெளியானதும் அவர் யாருக்காகப் பாடுபட்டாரோ அம்மக்களே வெகுண்டெழுந்தனர். விசாரணை நடந்தது. அவர் பதவி நூலிழையிலே தப்பிற்று. நன்மை நாடிச் செய்யும் ஆராய்ச்சியும் மக்கள் மனத்தைப் புண்படுத்தக்கூடும் என்ற பாடத்தை அவர் அங்கே கற்றிருத்தல் வேண்டும்.

பின்னர் ஜூலியஸ் றோசன்வால்ட் நிதியத்தின் சார்பிலே மெக்சிக்கோவின் கிராமப் பாடசாலைகளை ஆராய்ந்து 1936-இல் ஒரு நூல் எழுதினார். அமெரிக்காவின் தென்மாநிலங்களிலே கறுப்பின மக்களின் கிராமக் கல்வியையும் பார்வையிட்டார். 1937-இல் வெனிசுவேலா அரசினர் அழைப்பை ஏற்றுக் கராக்காஸ் நகரிலே ஆசிரியப் பயிற்சி நிலையமொன்றை நடத்தினார். 1938-இல் தாய்மாநிலம் மீண்டு, கார்ணிகி நிதியத்தின் உதவியுடன் தாவோஸ் பகுதி மக்களின் வாழ்வை ஆராய்ந்தார். அதன் பயனாக 1940-இல் வெளிவந்ததே "மறக்கப்பட்ட மக்கள்" என்று பொருள்படும் அவருடைய புகழ்பெற்ற நூல்.

அந்நூலிலே அவர் கல்வியை மட்டும் தனியே பிரித்துப் பேசவில்லை. நிலமிழந்த குடியானவன், நோய்க்கு மருந்தில்லாத கிராமம், குறைந்த சம்பளமும் குறைந்த பயிற்சியுமுடைய ஆசிரியர், வீட்டுமொழியைக் கணக்கிலெடாத பாடப்புத்தகம் ஆகிய யாவும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்று காட்டினார். போரிலே வென்று மண்ணைத் தனதாக்கிய அரசு, அம்மண்ணின் மக்களுக்குப் புதிய நாட்டிலே வாழத் தேவையான கல்வியை அளிக்கும் கடமையை மறந்துவிட்டது என்பதே அவர் சாட்டிய குற்றம். அந்த ஆண்டிலேயே ரெக்சாஸ் பல்கலைக்கழகத்திலே பேராசிரியராக நியமனம் பெற்று ஒஸ்ரின் நகரிலே குடியேறினார். இறுதிவரை அதுவே அவர் களமாயிற்று. நவாஹோ என்னும் பூர்வகுடியினரின் கல்வி பற்றியும் 1948-இல் ஒரு நூல் எழுதினார்.

ரெக்சாஸ் மாநிலத்து இருவகைப் பாடசாலைகள்

ரெக்சாஸ் மாநிலத்திலே கறுப்பினப் பிள்ளைகளை வேறாக்கியது எழுதப்பட்ட சட்டம். மெக்சிக்கப் பிள்ளைகளை வேறாக்கவோ எந்தச் சட்டமும் இருக்கவில்லை. ஊர்வழக்கமே அதனைச் செய்தது. ஒரே ஊரிலே வெள்ளையருக்கு ஒரு பாடசாலை, மெக்சிக்கருக்கு வேறொரு பாடசாலை. கேட்டால், "இனத்துக்காக அன்று, ஆங்கிலம் அறியாமைக்காகவே" என்பர். பாடசாலைகளிலே ஆங்கிலமல்லாத மொழியிற் கற்பிப்பதைக் குற்றமாக்கிய சட்டமொன்றும் 1918-இல் அங்கே இயற்றப்பட்டது. விளையாட்டு மைதானத்திலே தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டதும் உண்டு.

1930-இல் டெல் றியோ என்னும் ஊர்ப் பெற்றோர் இதனை எதிர்த்து வழக்காடினர். இனம் கருதிப் பிரித்தல் தவறென்றும், மொழியும் கல்வித் தேவையும் கருதிப் பிரிக்கலாமென்றும் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது. எனவே பிரிவினை முழுவதும் "மொழி" என்ற ஒரே தூணிலே நின்றது. அத்தூண் உளுத்தது என்று காட்டவல்ல ஆராய்ச்சி சாஞ்சேஸிடம் இருந்தது. ஆங்கிலம் அறியாத பிள்ளை ஆங்கிலம் கற்கவேண்டுமாயின், ஆங்கிலம் பேசும் பிள்ளைகளோடு ஒரே வாங்கிலே அமரவேண்டாமா? ஆங்கிலத்தின் பொருட்டே அவனைத் தனியே பூட்டிவைத்தல் நீந்தப் பழக்குவதற்காகக் குளத்தை விட்டு விலக்குவது போலாகுமன்றோ? மேலும், மொழியறிவைச் சோதித்தா பிரித்தார்கள்? இல்லை; பெயரைப் பார்த்துப் பிரித்தார்கள்.

நீதிமன்றப் படிகள்

சாஞ்சேஸ் நியாயவாதி அல்லர். ஆயினும் நியாயவாதிகளுக்கு ஆயுதம் வடித்துக் கொடுத்தவர் அவர். லத்தீன் அமெரிக்க வழிக் குடிமக்களின் சங்கமாகிய லூலாக்கிற்கு 1941-இல் தலைவரானார். 1946-இல் கலிபோர்னியாவிலே மென்டெஸ் குடும்பத்தார் தொடுத்த வழக்கிலே, மெக்சிக்கப் பிள்ளைகளைப் பிரித்தல் அரசியலமைப்புக்கு முரணென்று தீர்ப்பாயிற்று. 1947-இல் மேன்முறையீட்டிலும் அது நிலைத்தது. அதே வழியிலே ரெக்சாஸ் மாநிலத்திலும் டெல்காடோ என்னும் பெயரால் வழக்கு எழுந்தது. அதனைத் தொடுப்பதிலும் நடத்துவதிலும் சாஞ்சேஸுக்குப் பெரும் பங்குண்டு. 1948 யூன் மாதம் நீதிபதி பென் றைஸ் பிரிவினையைத் தடைசெய்தார்.

தடையோடு ஒரு விலக்கும் இருந்தது. ஆங்கிலம் போதாத பிள்ளைகளை, எல்லாருக்கும் பொதுவான சோதனையினால் அறிந்து, அதே வளவினுள் முதலாம் வகுப்பிலே மட்டும் தனி வகுப்பாக வைக்கலாம் என்பது அவ்விலக்கு. ஊசி நுழையும் துளையினூடாக ஒட்டகத்தை ஓட்டிச் சென்றனர் பாடசாலை அதிகாரிகள். 1949-இல் மாநிலக் கல்வி அதிபர், பிரிவினையைக் கைவிடாத டெல் றியோப் பாடசாலைகளின் அங்கீகாரத்தை நீக்கினார். உடனே நிகழ்ந்தது யாது? அவ்வாண்டு மாநிலச் சட்டசபை நிறைவேற்றிய கல்விச் சீர்திருத்தத்தினால் அவருடைய பதவியே ஒழிந்தது. அடுத்து வந்த ஆணையாளர் அங்கீகாரத்தை மீளக் கொடுத்துவிட்டார். வழக்கிலே வெல்வது வேறு, வகுப்பறையிலே வெல்வது வேறு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது.

1951-இல் சாஞ்சேஸ் ஒரு சிறு நூல் எழுதி, ஸ்பானிய மொழிப் பிள்ளைகளைப் பிரிப்பதற்குக் கல்வியியலிலே எவ்வித ஆதாரமும் இல்லையென வாதித்தார். அவ்வாண்டிலேயே ஸ்பானிய மொழி பேசும் மக்களின் அமெரிக்கப் பேரவை ஒன்றைத் தொடங்கி, உரிமை வழக்குகளுக்கு நிதியும் ஆலோசனையும் திரட்டினார்.

1954 மே மாதம் 3-ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் ஹெர்னாண்டெஸ் வழக்கிலே தீர்ப்பளித்தது. ரெக்சாஸ் மாநிலத்து ஜாக்சன் பகுதியிலே கால் நூற்றாண்டாக மெக்சிக்க வழியினர் ஒருவரேனும் யூரியாக அமர்த்தப்படவில்லை. அந்நீதிமன்றக் கட்டடத்திலேயே இரண்டு கழிப்பறைகள். ஒன்றிலே "நிறத்தவர்" என்று ஆங்கிலத்திலும் "ஆண்கள் இங்கே" என்று ஸ்பானியத்திலும் எழுதியிருந்தது. அவ்வூர்ப் பாடசாலையிலே முதல் நான்கு வகுப்புகளிலும் மெக்சிக்கப் பிள்ளைகள் வேறாக்கப்பட்டிருந்தமையையும் நீதிமன்றம் எடுத்துக்காட்டிற்று. மெக்சிக்க வழியினர் சமுதாயத்திலே தனி வகுப்பாக நடத்தப்படுகின்றனர் என்ற வாதத்தை உருவாக்குவதிலே சாஞ்சேஸும் துணைநின்றார். பிரதம நீதியரசர் ஏர்ள் வொறன் அதனை ஏற்றார். இரண்டு கிழமைகள் கழித்து, மே 17-ஆந் திகதி, கறுப்பினப் பிள்ளைகளின் பிரிவினையைச் சாடிய பிறவுண் வழக்கின் தீர்ப்பு வெளியாயிற்று. உலகம் பின்னையதை நினைவு வைத்திருக்கிறது, முன்னையதை மறந்துவிட்டது.

1957-இல் ட்றிஸ்கொல் என்னும் ஊர்ப் பாடசாலைமீது வழக்கு வந்தது. அங்கே மெக்சிக்கப் பிள்ளைகள் முதலிரு வகுப்புகளையும் முடிக்க நான்கு ஆண்டுகள் எடுத்தனர். "மொழிக்காகவே" என்றனர் அதிகாரிகள். அவர்கள் மெக்சிக்க வகுப்பிலே இருத்திய ஒரு சிறுமிக்கு ஸ்பானிய மொழியே தெரியாது. அவள் அறிந்தது ஆங்கிலம் மட்டுமே! அச்சிறுமி ஒருத்தியே அதிகாரிகளின் வாதம் முழுவதையும் உடைத்தெறியப் போதுமானவளாயிருந்தாள்.

வெற்றிக்குக் கொடுத்த விலை

பெரியோர் வரலாற்றை எழுதும்போது குறைகளை மறைத்தல் அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. 1930-ஆம் ஆண்டின் குடிசன மதிப்பிலே மெக்சிக்கர் தனியினமாக எண்ணப்பட்டனர். எதிர்ப்பின் பின்னர் 1940-இல் மீண்டும் வெள்ளையர் என்று எழுதப்பட்டனர். சாஞ்சேஸின் காலத்துத் தலைவர்கள், "நாமும் சட்டப்படி வெள்ளையரே, ஆகவே எம்மைப் பிரிக்கச் சட்டமில்லை" என்ற வாதத்தை வலிமையான கேடயமாகக் கொண்டனர். அந்தக் கேடயத்தின் மறுபக்கம் பிற்காலத்திலேதான் புலப்பட்டது. 1970-இல் ஹூஸ்ரன் நகரிலே, கறுப்பினப் பிள்ளைகளையும் "வெள்ளையராகிய" மெக்சிக்கப் பிள்ளைகளையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டு, மெய்யான வெள்ளையர் பாடசாலைகளைப் பெரிதும் தொடாமலே, பிரிவினை ஒழிந்ததென்று கூறத் திட்டமிட்டனர். மெக்சிக்கப் பெற்றோர் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்ப மறுத்துத் தாமே வகுப்புகள் நடத்தினர். அதே ஆண்டு, கோர்ப்பஸ் கிறிஸ்ரி நகர வழக்கிலே, மெக்சிக்க வழியினர் தனித்து அறியத்தக்க சிறுபான்மையினர் என்று நீதிமன்றம் ஏற்றது.

மெக்சிக்கோவிலிருந்து மலிவுக் கூலிகளைப் பெருந்தொகையாக வரவழைத்தலையும் சாஞ்சேஸ் எதிர்த்தார். அது உள்ளூர்த் தொழிலாளியின் கூலியையும் அவன் பிள்ளையின் கல்வியையும் கெடுக்கும் என்பது அவர் கருத்து. பின்வந்த இளைய தலைமுறையினர் இதனை ஏற்கவில்லை. வந்தவனும் நம்மவனே, அவன் பிள்ளைக்கும் கல்வி வேண்டும் என்றனர். ஆவணமின்றிக் குடியேறியோரின் பிள்ளைகளுக்கும் பொதுப் பாடசாலையின் கதவை அடைத்தலாகாது என்று 1982-இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. அவ்வழக்கும் ரெக்சாஸ் மாநிலத்திலிருந்தே எழுந்தது.

விதைத்ததும் விளைந்ததும்

1968-இல் இருமொழிக் கல்விக்கு நிதி வழங்கும் சட்டம் அமெரிக்காவிலே நிறைவேறிற்று. 1969-இல் ரெக்சாஸ் தன் பழைய ஒருமொழிச் சட்டத்தை நீக்கிற்று. 1972 ஏப்பிரில் 5-ஆந் திகதி சாஞ்சேஸ் காலமானார். ஈராண்டு கழித்து, சான் பிரான்சிஸ்கோ நகரத்துச் சீனப் பிள்ளைகளின் வழக்கிலே உயர் நீதிமன்றம் அவர் நெடுங்காலம் கூறிவந்ததற்கு மிக நெருங்கிய தீர்ப்பொன்றை வழங்கிற்று: ஒரே புத்தகத்தையும் ஒரே ஆசிரியரையும் கொடுத்துவிட்டால் அது சமத்துவமாகாது, மொழி விளங்காத பிள்ளைக்கு அப்பாடசாலை பூட்டிய கதவே. 1995-இல் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடக் கட்டடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

ஆயினும் அவர் எழுப்பிய வினா ஓய்ந்துவிடவில்லை. ஹூஸ்ரன் நகர உயர்தரப் பாடசாலை ஒன்றிலே மூன்றாண்டு தங்கி ஆராய்ந்த அஞ்செலா வலன்சுவேலா 1999-இல் ஒரு நூல் வெளியிட்டார். பாடசாலை பிள்ளைக்கு அறிவைக் கூட்டவேண்டியிருக்க, அவன் வீட்டுமொழியையும் பண்பாட்டையும் கழித்துவிடுகிறது என்பது அவர் கண்ட உண்மை. "பிள்ளை முதலிலே பாடத்திற் கருத்துக் காட்டட்டும்" என்று ஆசிரியர் காத்திருக்கிறார். "ஆசிரியர் முதலிலே என்மீது கருத்துக் காட்டட்டும்" என்று பிள்ளை காத்திருக்கிறான். இருவரும் காத்திருக்கையிலே ஆண்டு முடிந்துவிடுகிறது. இதனை வாசித்தபோது நாம் சற்றே திடுக்கிட்டோம் என்பதை ஒளிக்கவேண்டியதில்லை. பின்வாங்கிலே வாய்திறவாது அமர்ந்திருந்து, ஒருநாள் வராமலே நின்றுவிட்ட பிள்ளைகள் சிலரின் முகங்கள் நம் மனத்திலே தோன்றின. அவர்கள் எதற்காகக் காத்திருந்தார்கள் என்று நாம் அன்று கேட்கவில்லை.

இன்று அமெரிக்கப் பொதுப் பாடசாலை மாணவரிலே நான்கிலொரு பங்குக்கு மேற்பட்டோரும், ரெக்சாஸ் மாநிலத்து மாணவரிலே பாதிக்கு மேற்பட்டோரும் லத்தீன் அமெரிக்க வழியினர். ஒரு காலத்திலே புறத்தே நிறுத்தப்பட்ட பிள்ளைகளே இப்பொழுது வகுப்பறையின் பெரும்பான்மை. அவர்களை எவ்வாறு அளப்பது என்ற வினா, இன்று அம்மாநிலத்தின் எதிர்காலத்தை எவ்வாறு அமைப்பது என்ற வினாவாகவே ஆகிவிட்டது.

மாணவரே, சாஞ்சேஸின் வாழ்விலே உங்களுக்கு ஒரு செய்தி உண்டு. நீங்கள் பெற்ற எண் நீங்கள் அல்லீர். அஃது ஒரு நாளில், ஒரு மொழியில், ஒருவர் கேட்ட வினாவுக்கு நீங்கள் கூறிய விடையின் அளவு மாத்திரமே. அதற்காக உழையாதிருக்கவும் அது சாட்டாகாது. அவருடைய மாணவரின் புள்ளி ஏறியது கற்றதனாலேயே என்பதை மறவாதீர்கள். பெற்றோரே, பிள்ளை குறைந்த புள்ளியோடு வீடு வரும்போது, "ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்குமுன், "வினா விளங்கிற்றா?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

நம்மைப் போன்ற ஆசிரியருக்குக் கூறவேண்டியது இன்னும் சுருக்கமானது. இக்கட்டுரையை எழுதி முடிக்கும்போது மேசைமீது தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் ஒரு கட்டு இருக்கின்றன. மேலேயுள்ள தாளிலே மூன்றாவது வினாவுக்கு விடையில்லை; வெற்றிடம். சிவப்பு மையினாலே சுழியம் இடுவது எளிது. நாளை அப்பிள்ளையை அழைத்து, வினாவை வேறு சொற்களிலே கேட்டுப் பார்ப்பதாக எண்ணியிருக்கிறோம்.